சராசரி 12,233 வெள்ளி உங்கள் வீட்டுக் கணக்கு அல்ல

வீட்டுக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதன் பிறகு என்னிடம் வந்து "சார், இது தாங்குமா?" என்று கேட்கிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். போன வாரம் வந்த தம்பதியைப் பார்த்ததும் எனக்குப் பொறுமை போய்விட்டது. பாவம், அவர்களைத் திட்டி என்ன பயன். அவர்களுக்குக் காட்டப்பட்ட கணக்கு அப்படி. இதை எழுதாமல் விட்டால் அடுத்த மாதம் இன்னொரு ஜோடி அதே பத்திரத்தோடு வந்து உட்காரும்.

நான் பத்தாங் பெர்ஜுந்தையில் கணக்கு அலுவலகம் வைத்திருக்கிறேன். சாலைப் பலகையில் பெஸ்தாரி ஜெயா என்றிருக்கும், ஊர்க்காரர்களுக்கு இன்னும் பழைய பெயர்தான். கடைகளுக்குக் கணக்கு எழுதுவது, வருமான வரிப் பாரம் நிரப்புவது, சின்னக் கம்பெனிகளுக்குச் சம்பளப் பட்டியல் போடுவது, இதுதான் என் தொழில். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பிறந்தவர்கள். 1917இல் மலேசியாவிலேயே முதன்முதலாக வணிகத்துக்காகச் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் இங்கேதான் இருக்கிறது. அந்தத் தோட்டங்களின் பிள்ளைகள் இன்று ரவாங், பூஞ்சாக் ஆலாம், சுங்கை பூலோ பக்கம் தொழிற்சாலைக்கும் கிடங்குக்கும் வேலைக்குப் போகிறார்கள். வீடு வாங்க ஆசைப்படுகிறார்கள். ஆசைப்படுவதில் தப்பே இல்லை.

அந்தத் தம்பதி விஷயத்துக்கு வருகிறேன். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கணவருக்குக் கிடங்கில் மாதம் 2,600 வெள்ளி (ரிங்கிட்), மனைவிக்குத் தொழிற்சாலையில் 1,700. மொத்தம் 4,300. வீடு விற்கிற ஆள் கைப்பேசியில் ஒரு செய்தியைக் காட்டி, "சிலாங்கூர் பட்டணத்துல குடும்ப வருமானம் சராசரி 12,233 வெள்ளி. வருசா வருசம் ஏறுது. நீங்களும் இங்கதானே இருக்கீங்க, உங்க சம்பளமும் ஏறிடும்" என்று சொல்லியிருக்கிறார். 300,000 வெள்ளிக் கடன், 35 வருடம். கையெழுத்தாகிவிட்டது.

அந்த எண் பொய் இல்லை. புள்ளிவிவரத் துறை 2022இல் எடுத்த குடும்ப வருமான ஆய்வில் சிலாங்கூரின் சராசரி மாத வருமானம் 12,233 வெள்ளிதான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிலாங்கூரில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் நகர்ப்புறவாசிகள். ஆகவே மாநில எண்ணை நகர்ப்புற எண் என்று சொன்னாலும் பெரிய பிசகு கிடையாது. ஆனால் அது என்ன எண் என்று அந்தத் தம்பதிக்கு யாரும் சொல்லவில்லை.

முதலில், அது ஒரு வீட்டின் மொத்த வருமானம். ஒரு ஆளின் சம்பளம் இல்லை. வீட்டில் நான்கு பேர் சம்பாதித்தால் நான்கும் சேரும். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), வரி எதுவும் பிடிக்காத தொகை. வாடகை வருமானமும் சேரும். சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு, அந்த வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று ஒரு தொகையைக் கணித்து அதையும் வருமானத்தில் சேர்ப்பார்கள். பொருளாதாரக் கணக்குக்கு அது சரியான முறைதான். ஆனால் அந்தப் பணம் யாருடைய கைக்கும் வருவதில்லை, அதைக் கொண்டு தவணை கட்ட முடியாது. அடுத்து, சராசரி என்றால் டாமன்சாரா பங்களா வீட்டையும் நம் தோட்டத்து லயத்து வீட்டையும் கூட்டி வகுத்தது. அதே ஆய்வில் சிலாங்கூரின் இடைநிலை வருமானம் 9,983. அதாவது குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கிற குடும்பத்துக்கு அவ்வளவுதான். நாடு முழுக்க எடுத்தால் சராசரி 8,479, இடைநிலை 6,338. எந்தச் செய்தியைப் படித்தாலும் இடைநிலையைத் தேடுங்கள். சராசரியைக் காட்டி வியாபாரம் பேசுகிறவரிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

இன்னொன்று, இது நம்மவர்கள் செய்யவே செய்யாத கணக்கு. தலைக்கு எவ்வளவு?

மலேசியக் குடும்பத்தின் சராசரி அளவு 2022இல் 3.8 பேர். சிலாங்கூரின் 12,233ஐ அதால் வகுத்தால் தலைக்கு மாதம் 3,200 வெள்ளிக்குக் கொஞ்சம் மேல். இந்தத் தம்பதி வீட்டில் எத்தனை பேர்? இருவர், இரண்டு பிள்ளைகள், கணவரின் அம்மா, படிக்கிற மைத்துனர். ஆறு பேர். 4,300ஐ ஆறால் வகுத்தால் 717 வெள்ளி. 3,200 எங்கே, 717 எங்கே? இரண்டும் ஒரே மாநிலம், ஒரே நகர்ப்புறப் பட்டியல்.

"சின்னப் பிள்ளைங்களை முழுத் தலையா எண்ணலாமா சார்?" என்று அவர் கேட்டார். பொருளாதார நிபுணர்களும் பிள்ளைகளுக்குக் குறைந்த பங்கு போட்டுக் கணக்கிடுவதுண்டு. ஆனால் பால்மாவும் பள்ளி வேனும் டியூஷனும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். நான் முழுத் தலையாகத்தான் எண்ணுவேன். கடன் வாங்கும்போது கணக்கு கறாராக இருப்பதே நல்லது.

போகிற போக்கில் இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாட்சாப்பில் இதுவும் சுற்றுகிறது. "தலா ஜிடிபி" என்று ஒரு எண் வரும், அதாவது நாட்டின் மொத்த உற்பத்தியை மக்கள்தொகையால் வகுத்தது. 2022இல் நாட்டுக்கு அது ஆண்டுக்கு 54,000 வெள்ளிக்கு மேல், கோலாலம்பூருக்கு ஒரு லட்சத்துக்கும் மேல். அது உற்பத்தியின் மதிப்பு. கம்பெனி லாபமும் அதற்குள் இருக்கிறது. அதே ஆண்டின் குடும்ப வருமானத்தைத் தலைக்கு வகுத்தால் நாட்டுச் சராசரி ஆண்டுக்கு 27,000 வெள்ளியைக்கூட எட்டாது. பாதிதான். அந்த எண்ணை வைத்து வீட்டுக் கணக்குப் போடவே போடாதீர்கள்.

இப்போது எனக்கு அதிகமாக எரிச்சலூட்டுகிற விஷயத்துக்கு வருகிறேன். "சம்பளம் ஏறியிருக்கு சார், அதனால முன்னைவிட நல்லா இருக்கோம்." இதைக் கேட்காத நாளே இல்லை. படித்தவர்களும் சொல்கிறார்கள், கடைக்காரர்களும் சொல்கிறார்கள், கூட்டத்தில் பேச வருகிறவர்களும் சொல்கிறார்கள். அரிசி அளக்கிற படி சிறுத்துப் போனால் அதே மூட்டையிலிருந்து அதிகப் படி வரும். அதற்காக மூட்டையில் அரிசி கூடிவிட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள். வெள்ளி என்பதும் அளக்கிற படிதான். வருடா வருடம் அது சிறுக்கிறது. எத்தனை வெள்ளி என்று எண்ணினால் போதாது, அந்த வெள்ளியின் அளவு என்ன என்றும் பார்க்க வேண்டும்.

நாட்டின் எண்ணையே எடுத்துப் பார்ப்போம். 2019இல் இடைநிலைக் குடும்ப வருமானம் 5,873. 2022இல் 6,338. வித்தியாசம் 465 வெள்ளி. நல்ல ஏற்றம் போலத் தெரிகிறது இல்லையா? அந்த மூன்று ஆண்டுகளில் பயனீட்டாளர் விலைக் குறியீடு 121.5இலிருந்து 127.2க்கு ஏறியது. 2010ஐ 100 என்று வைத்துக் கணக்கிடுகிற குறியீடு இது. அதாவது விலைவாசி ஏறக்குறைய 4.7 விழுக்காடு கூடியது. 2019இல் 5,873 வெள்ளிக்கு வாங்கியதை 2022இல் வாங்க 6,148 வெள்ளி வேண்டும். 465இல் 275ஐ விலைவாசி தின்றுவிட்டது. மிச்சம் 190. அதை 3.8 தலைக்குப் பிரித்தால் ஆளுக்கு மாதம் 50 வெள்ளி. மூன்று வருடத்தில் கிடைத்த உண்மையான ஏற்றம் தோராயமாக அவ்வளவுதான். அதையும் கொரோனா காலத்தில் கீழே விழுந்து எழுந்து வாங்கியிருக்கிறோம். 2020இல் இடைநிலை வருமானம் 5,209 வரை இறங்கியது.

சரி, நாட்டை விடுங்கள், ஒரு ஆளை எடுத்துக்கொள்வோம். ஹார்டுவேர் கடையில் கணக்குப் பார்க்கிறவர். 2016இல் 2,200 வெள்ளி, 2024இல் 2,500. "முன்னூறு ஏறியிருக்கு" என்று சந்தோஷமாகச் சொல்கிறார். விலைக் குறியீடு 2016இல் 115.2, 2024இல் 132.8. 2,200ஐ 132.8ஆல் பெருக்கி 115.2ஆல் வகுங்கள். 2,536 வருகிறது. நின்ற இடத்தில் நிற்கவே அவருக்கு 2,536 வேண்டும். எட்டு வருடம் உழைத்து, அனுபவம் கூடி, அவருடைய உண்மையான சம்பளம் மாதம் 36 வெள்ளி குறைந்திருக்கிறது. இதை அவர் முன்னால் போட்டுக் காட்டியபோது அவர் கைப்பேசியை எடுத்துத் தானே இரண்டு முறை தட்டிப் பார்த்தார்.

இதோடு ஒட்டிய இன்னொரு தப்பு: "பணவீக்கம் குறைஞ்சிடுச்சு, செய்தியில வந்துச்சு, ஆனா கடையில விலை குறையலையே" என்று கடைக்காரரைத் திட்டுவது. பணவீக்கம் 2022இல் 3.3 விழுக்காடு, 2023இல் 2.5, 2024இல் 1.8. குறைந்தது விலை ஏறுகிற வேகம். விலை ஏறிக்கொண்டேதான் இருக்கிறது, கொஞ்சம் மெதுவாக. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. 2021இல் 100 வெள்ளிக்கு வாங்கிய சாமான் 2024இல் கிட்டத்தட்ட 108 வெள்ளி. 1.8 என்று செய்தி வந்த வருடத்தில் உங்கள் சம்பளம் 1 விழுக்காடுதான் ஏறியது என்றால், உங்களுக்குச் சம்பளம் குறைந்திருக்கிறது. சீட்டில் எழுதியிருக்கிற எண் என்னவாக இருந்தாலும் சரி.

அந்த 108கூட எல்லாருக்கும் பொதுவான கணக்கு. குறியீட்டில் சாப்பாட்டுச் சாமானுக்கு நூற்றில் ஏறக்குறைய 30 பங்கு வைத்திருக்கிறார்கள். தலைக்கு 700 வெள்ளியில் வாழ்கிற வீட்டில் சாப்பாட்டுச் செலவு 30 பங்கோடு நிற்குமா? 2022இல் மொத்தப் பணவீக்கம் 3.3 என்றபோது உணவு விலை மட்டும் 5.8 விழுக்காடு ஏறியது. 2023 செப்டம்பரில் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலை ஒரு டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200க்குத் தூக்கப்பட்டது. உள்ளூர் அரிசி கடைத்தட்டில் காணாமல் போனது. நான் கணக்கு எழுதுகிற மளிகைக் கடையின் கொள்முதல் பில்லிலேயே அந்த மாதத்துத் தாவல் பளிச்சென்று தெரியும். அந்த வருடம் தைத்த துணியும் மாற்றிய கைப்பேசியும் விலை ஏறாமல் இருந்திருக்கலாம், அதனால் மொத்த எண் அடங்கியே இருந்திருக்கலாம். ஆறு பேருக்குச் சோறு போடுகிற அம்மாவுக்கு அதனால் என்ன லாபம்? 3,000 வெள்ளிக்குக் கீழ் வருமானமுள்ள குடும்பங்களுக்கென்று புள்ளிவிவரத் துறை தனியாகவே ஒரு விலைக் குறியீடு வெளியிடுகிறது. பத்திரிகைகள் அதைப் பெரிதாகப் போடுவதில்லை. போட வேண்டும்.

இனி நம் ஊருக்கே உரிய ஒரு கணக்கு. இதைப் புள்ளிவிவரத்தில் தேடினால் கிடைக்காது, ஆனால் எங்கள் அலுவலக மேசைக்கு வாராவாரம் வருகிறது.

தோட்டத்தில் வேலை பார்த்த காலத்தில் கையில் வந்த கூலி சொற்பம். அதை நான் மூடி மறைக்கப் போவதில்லை. பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் நம் பெற்றோர் உழைத்த உழைப்புக்கு அந்தக் கூலி அநியாயம். ஆனால் கூலிக்கு வெளியே சில இருந்தன. லயத்து வீடு இருந்தது, வாடகை கிடையாது. தண்ணீர் வந்தது. வேலைக்குப் போகும் தாய் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போனார். காய்ச்சல் என்றால் தோட்டத்து மருந்தகம். தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகள் நடந்தே போனார்கள். வீட்டுக்குப் பின்னால் முருங்கை, மரவள்ளி, நாலு கோழி. இவை எதுவும் சம்பளச் சீட்டில் இல்லை. வேலை வயது முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும், தோட்டத்தை விற்றால் எல்லாமே போகும் என்பதும் சீட்டில் இல்லை.

ஒரு அக்கா 2015இல் தோட்டத்தை விட்டு வெளியே வந்தவர். அப்போது கணவனும் மனைவியும் சேர்ந்து 2,400 வெள்ளி வாங்கினார்கள். இப்போது இருவரும் வெளியே வேலை பார்க்கிறார்கள், 4,200. "ஆயிரத்து எண்ணூறு ஏறியிருக்கு. ஆனா அப்ப இருந்த மாதிரி கையில நிக்க மாட்டேங்குதே, நான் என்ன ஊதாரியா?" என்று என்னிடம் கேட்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. செலவைத் தாளில் எழுதச் சொன்னேன். அடுக்குமாடி வீட்டு வாடகை 650. கடைசிப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள 350. பள்ளி வேன் 130. வேலைக்குப் போக பெட்ரோலும் லாதார் நெடுஞ்சாலை டோலும் 380. தண்ணீர், மின்சாரம் 150. கூட்டினால் 1,660. இவை எல்லாம் தோட்டத்தில் இருந்தபோது அவர் கையைக் கடிக்காத செலவுகள். 4,200இல் இது போனால் 2,540. அன்றைக்கு 2,400 வெள்ளியில் வாங்கியதை வாங்க, 2024 விலைக்கு 2,825 வெள்ளி வேண்டும். 285 வெள்ளி துண்டு விழுகிறது. அவர் ஊதாரி இல்லை. தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு மாறியதில், ஓசியாகவோ கூலிக்குப் பதிலாகவோ கிடைத்ததெல்லாம் காசு கொடுத்து வாங்கும் பொருளாகிவிட்டது. வருமான எண் மட்டும் ஏறியது.

தோட்டத்துக்கே திரும்பிப் போங்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வருடங்களுக்கு இடையே விலை வித்தியாசத்தைக் கழிப்பது போல, இடங்களுக்கு இடையேயும் கழித்துப் பார்க்க வேண்டும் என்கிறேன். ஷா ஆலமில் 500 வெள்ளி கூடுதலாகக் கிடைக்கிறது என்று தம்பி சொன்னால், அறை வாடகையையும் சாப்பாட்டுக் கடைச் செலவையும் கழித்து எவ்வளவு வீட்டுக்கு வரும் என்று கேளுங்கள்.

நகர்ப்புறம் என்கிற முத்திரை பற்றியும் ஒரு வார்த்தை. அரசிதழில் பதிவான ஊரும், அதை ஒட்டி, பெரும்பாலோர் விவசாயம் சாராத வேலைக்குப் போகிற குடியிருப்புகளும் சேர்ந்து மக்கள்தொகை 10,000ஐ எட்டினால் நம் நாட்டில் நகர்ப்புறம் என்று கணக்கில் சேர்க்கிறார்கள். தோட்டத்தை அழித்து வீடமைப்புத் திட்டம் வந்தால், நேற்றுவரை கிராமமாக இருந்த இடம் இன்று நகர்ப்புறப் பட்டியலுக்குள் போய்விடும். ஒருவர் சம்பளமும் ஒரு காசு ஏறியிருக்காது, ஆனால் நகர்ப்புறச் சராசரியும் மாறும், கிராமப்புறச் சராசரியும் மாறும். பத்து வருட இடைவெளியில் நகர்ப்புற வருமானத்தை ஒப்பிடும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். குடும்பங்கள் சிறுத்தாலும் தலைக்கணக்கு ஏறும். 2019இல் 3.9ஆக இருந்த குடும்ப அளவுதான் 2022இல் 3.8 ஆனது.

குறைந்தபட்சச் சம்பளம் பற்றி நியாயமாகவே பேச வேண்டும். 2016 ஜூலையில் தீபகற்பத்தில் 1,000 வெள்ளி. 2022 மே மாதம் 1,500. 2025 பிப்ரவரியில் 1,700. விலைவாசியைக் கழித்துப் பார்த்தாலும் இது உண்மையான ஏற்றம்தான். அந்த 1,700, 2016இன் கணக்கில் ஏறக்குறைய 1,470 வெள்ளிக்குச் சமம். அடிமட்டத்தில் இருப்பவருக்கு இது பெரிய விஷயம், யாரும் இதைக் குறைத்துப் பேச வேண்டாம். 2020இல் மாநகர், நகராண்மைக் கழகப் பகுதிகளுக்கு 1,200, மற்ற இடங்களுக்கு 1,100 என்று இரண்டு விலை வைத்தார்கள். நம் ஊர் இருக்கிற கோலசிலாங்கூர் அப்போது மாவட்ட மன்றம். ரவாங்கில் 1,200, அங்கிருந்து அரை மணி நேரம் தள்ளி இங்கே 1,100. அரிசி விலை மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். நல்லவேளை, அந்தப் பாகுபாடு இப்போது இல்லை.

அடி வாங்குவது அதற்கு மேலே இருப்பவர்கள். 2,000க்கும் 3,000க்கும் இடையில் இருக்கிற மேற்பார்வையாளர், ஸ்டோர் கீப்பர், கடைக் கணக்கர், லோரி ஓட்டுநர். அடிமட்டச் சம்பளம் அவர்களை நெருங்கிக்கொண்டே வருகிறது, அவர்களுடையதோ அசையவில்லை. முதலாளிகளே, உங்களில் பலருக்கு நான்தான் சம்பளப் பட்டியல் போடுகிறேன், ஆகவே நேரடியாகவே சொல்கிறேன். 2,300 வாங்குகிறவருக்கு வருடத்துக்கு 30 வெள்ளி ஏற்றிவிட்டு "இன்கிரிமெண்ட் கொடுத்தேன்" என்று சொல்லாதீர்கள். அது 1.3 விழுக்காடு. விலைவாசி அதற்கு மேல் ஏறிய வருடத்தில் நீங்கள் கொடுத்தது சம்பளக் குறைப்பு. வியாபாரம் இடம் கொடுக்கவில்லை என்றால் அதைத் தொழிலாளியிடம் நேராகச் சொல்லுங்கள், அவராவது தெரிந்து திட்டம் போட்டுக்கொள்வார்.

இனி கடன் வாங்கப் போகிறவர்களுக்கு.

கையில் வருகிற சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். அந்தத் தம்பதியின் 4,300இல் இபிஎஃப் 11 விழுக்காடும் சொக்சோ என்கிற சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் போனால் கையில் நிற்பது 3,800க்குள். வீட்டுத் தவணை, 4 விழுக்காடு வட்டிக்கு 1,328. பழைய மைவி கார் 480. மோட்டார் சைக்கிள் 180. மிச்சம் சுமார் 1,800. ஆறு தலைக்குப் பிரித்தால் ஆளுக்கு மாதம் 300 வெள்ளி. ஒரு நாளைக்குப் பத்து வெள்ளி. அதில்தான் சாப்பாடு, பள்ளி, மருந்து, பெட்ரோல், தீபாவளி எல்லாம். இந்த ஒரு வரிக் கணக்கை அவர்களுக்கு யாருமே போட்டுக் காட்டவில்லை. பேங்க் தன் தவணை வருமா என்று பார்க்கும். உங்கள் வீட்டில் எத்தனை இலை போடுகிறீர்கள் என்பது அதன் கவலை இல்லை.

ஓவர்டைம் பணத்தைச் சம்பளமாக எண்ணாதீர்கள். ஆர்டர் குறைந்தால் முதலில் வெட்டுவது அதைத்தான்.

வட்டி இன்று இருக்கிற இடத்திலேயே 35 வருடம் நிற்காது. 2022 மே முதல் 2023 மே வரை மத்திய வங்கியான பேங்க் நெகாரா, ஓபிஆர் என்கிற அடிப்படை வட்டியை 1.75இலிருந்து 3.00க்கு உயர்த்தியது. 300,000 வெள்ளிக் கடனுக்கு வட்டி 3 விழுக்காட்டிலிருந்து 4.25க்குப் போனால் தவணை 1,155இலிருந்து 1,374 ஆகிறது. மாதம் 219 வெள்ளி கூடுதல். அந்த 219 உங்களிடம் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துக்கொள்ளுங்கள்.

"சம்பளம் ஏறிடும்" என்கிற நம்பிக்கையில் தவணையைத் தீர்மானிக்காதீர்கள், தயவுசெய்து. உங்கள் கடந்த ஐந்து வருடச் சம்பளச் சீட்டை எடுங்கள், விலைவாசியைக் கழியுங்கள். அதில் உண்மையான ஏற்றம் இருந்திருந்தால் இனியும் இருக்கலாம். இல்லையென்றால் விற்பனையாளர் சொன்னார் என்பதற்காக மட்டும் வந்துவிடாது.

இபிஎஃப் பணத்தை மாதச் செலவின் ஓட்டையை அடைக்க எடுக்காதீர்கள். 2024 மே முதல் மூன்றாவது கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று வந்திருக்கிறது. எடுக்கலாம் என்பதற்காக எடுத்துவிட வேண்டும் என்பதில்லை. தோட்டத்து வேலையில் ஓய்வு பெற்று, வீடும் இல்லாமல் சேமிப்பும் இல்லாமல் பிள்ளைகள் வீட்டுக் கூடத்தில் படுத்திருக்கிற பெரியவர்களை நாம் எல்லாருமே பார்த்திருக்கிறோம்.

அண்ணன் தம்பிக்காக ஜாமீன் போடுவதற்கு முன் அவர்கள் வீட்டுத் தலைக்கணக்கையும் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு மூச்சு முட்டுகிறவர்கள் ஆலோங் என்கிற கந்துவட்டிக்காரரிடம் ஓடாதீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், ஓடாதீர்கள். ஏகேபிகே என்று ஒரு நிறுவனம் 2006இலிருந்து இருக்கிறது, பேங்க் நெகாரா அமைத்தது. கடன் ஆலோசனைக்கு ஒரு காசு வாங்கமாட்டார்கள். உங்கள் சார்பில் பேங்குகளிடம் பேசித் தவணையை மாற்றியமைத்துத் தருவார்கள். தவணை தவறுவதற்கு முன்பே போனால் அவர்களால் அதிகம் செய்ய முடியும். மூன்று மாதம் பாக்கி விழுந்து, கடிதங்களைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்த பிறகு போனால் வழிகள் குறைந்துவிடும். அந்தத் தம்பதியையும் நான் அங்கேதான் அனுப்பியிருக்கிறேன். காரை விற்றுவிட்டு மோட்டார் சைக்கிளோடு சமாளிப்பது, மைத்துனர் படிப்பு முடியும்வரை வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடுவது என்று இரண்டு யோசனைகளைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டில் ஐந்தாம் படிவம் படிக்கிற பிள்ளையோ கல்லூரிக்குப் போகிற பிள்ளையோ இருந்தால் ஒரு வேலை கொடுங்கள். புள்ளிவிவரத் துறையின் இணையத்தளத்தில் மாவட்டவாரியாக, நாடாளுமன்றத் தொகுதிவாரியாக வருமானம் போட்டிருக்கிறார்கள், இலவசமாகப் பார்க்கலாம். கோலசிலாங்கூரை எடுத்துப் பெட்டாலிங்கோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் அப்பா, அம்மா சம்பளச் சீட்டையும் மூன்று மாத மளிகைப் பில்லையும் வைத்துக்கொண்டு, தலைக்கு எவ்வளவு என்று அந்தப் பிள்ளையே வகுத்துக் காட்டட்டும். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாலும் சரி, வேறு கணக்காளரிடம் போனாலும் சரி. புக்கிங் பணம் கட்டுவதற்கு முன் வாருங்கள். சனிக்கிழமை மத்தியானம் வரை அலுவலகம் திறந்திருக்கும், இதற்குக் காசு வேண்டாம்.